முதுகுத்தண்டு ஃபியூஷனுக்குப் பிறகு நான் போகும் பிசியோதெரபி நிலையம்: ஒரு தையல்காரியின் மதிப்பீடு

இந்த நிலையத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, முதல் தடவை போனபோது அவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான். டிஸ்சார்ஜ் தாள், ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் வாங்கிப் பொறுமையாகப் படித்தார்கள். நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதை அழுத்திப் பார்த்தார்கள். அப்புறம், "அம்மா, இப்போதைக்கு உங்களுக்கு நாங்கள் தேவையில்லை. இந்தத் தாளில் இருக்கிறதை வீட்டிலேயே செய்யுங்கள். அடுத்த எக்ஸ்ரே பார்த்து சர்ஜன் சரி என்று சொன்ன பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை வந்த ஆளைத் திருப்பி அனுப்பும் இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே பிறகு அங்கேயே சேர்ந்தேன்.

பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், இன்னும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன், வீண் வம்பு எதற்கு? ஃபியூஷன் என்றால் முதுகெலும்பில் அடுத்தடுத்த எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைக்கும் ஆபரேஷன். அதைச் செய்துகொண்ட ஒருவர் எங்கே போய்ச் சேர்ந்தாலும் எதைக் கவனிக்கலாம் என்பது இதில் கிடைத்தால் போதும்.

என் தொழில் தையல். இடுப்பில் நான்காவது எலும்பு, ஐந்தாவதின் மேல் முன்பக்கமாக நழுவி நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. எல் 4 – எல் 5 என்று டாக்டர்கள் சொல்லும் இடம். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தேய்மானத்தால் எலும்பு நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். விசித்திரம் என்னவென்றால், மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும்வரை வலி அவ்வளவாகத் தெரியாது. குனியும்போது நரம்பு போகும் பாதை கொஞ்சம் விரிந்துகொடுக்கும். நிமிர்ந்து நடந்தால்தான் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகும். அதனால் உட்கார்ந்தே காலத்தை ஓட்டினேன். வலது கால் பெடலின் மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நிலை வந்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்கை எடுத்துவிட்டு அங்கே கேஜ் என்கிற சின்னக் கூண்டை வைத்து, அதற்குள்ளும் சுற்றிலும் என் எலும்பிலிருந்தே எடுத்த துகள்களை நிரப்பி, பின்பக்கம் 4 ஸ்க்ரூ, 2 ராடு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் மறுநாளே எழுப்பி வாக்கரோடு நடக்க வைத்தார்கள். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை மாதிரி உருண்டு, பக்கவாட்டில் கையை ஊன்றி எழுந்திருக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் குறையில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, "பிசியோதெரபி" என்று ஒற்றைச் சொல். எப்போது ஆரம்பிப்பது, எதைச் செய்யலாம், எது கூடாது, ஒன்றும் இல்லை. கேட்டதற்கு ஒருவர், "தையல் ஆறினதும் ஆரம்பிக்கலாம்" என்றார். இன்னொருவர், "மூன்று மாதம் எதையும் தொடாதீங்க" என்றார். இரண்டு பேரும் ஒரே வார்டு.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது, உறவினர் ஒருவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பவர் என்று ஒருவரை அனுப்பிவைத்தார். வந்தவர் நல்ல மனிதர். கையில் நல்ல பலமும் இருந்தது, அதுதான் பிரச்சினை. தையல் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் மார்போடு சேர்த்து அமுக்கப் பார்த்தார். "இடுப்பு இறுகிப்போயிருக்கு, இப்பவே தளர்த்தாவிட்டால் அப்படியே நின்றுவிடும்" என்றார். அப்படியே நிற்க வேண்டும் என்றுதானே இவ்வளவு இரும்பையும் வைத்து ஆபரேஷன் செய்தது! என் மகள் குறுக்கே புகுந்து நிறுத்தினாள். சாதாரண இடுப்பு வலிக்காரருக்கு அது நல்ல பயிற்சியாகவே இருக்கலாம். எலும்பை ஒட்ட வைத்த இடத்தை, அது ஒட்டுவதற்கு முன்னால் வளைப்பதுதான் தப்பு.

இனி நிலையத்துக்கு வருகிறேன். என்னைப் பார்த்துக்கொள்ளும் பிசியோதெரபிஸ்டுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு இருக்கும், எதைச் சொன்னாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சொல்வார். ஸ்க்ரூவும் ராடும் போட்டாயிற்றே, பிறகு எதற்கு மாதக்கணக்கில் காத்திருப்பது என்று கேட்டேன். இரும்பு எலும்பை ஒட்டாது, ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இரண்டு துணியை மெஷினில் தைப்பதற்கு முன்னால் நகராமல் இருக்க ஓட்டுத் தையல் போடுவோமே, அதுதான் இந்த ஸ்க்ரூ. உண்மையான தையலை எலும்புதான் போட வேண்டும், அதுவும் அதன் வேகத்தில். முதல் சில வாரங்களில் துகள்களுக்குள் புது ரத்தக்குழாய்கள் நுழையும். பிறகு மெத்தென்ற திசு உருவாகி, மெல்ல மெல்ல எலும்பாக மாறும். ஓரளவு உறுதிப்பட 3 முதல் 6 மாதம். முழுக்க இறுகி முடிய ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

அவர் சொன்னதில் எனக்குத் தூக்கிப்போட்ட விஷயம் இன்னொன்று. எலும்பு ஒட்டாமலே போனால், உலோகம் நாள் முழுக்க அந்த அசைவைத் தாங்கித் தாங்கி ஒரு கட்டத்தில் களைத்துப்போகும். ஸ்க்ரூ தளரலாம், ராடு உடையவும் கூடும். எலும்பு முந்துகிறதா, உலோகத்தின் களைப்பு முந்துகிறதா என்பதுதான் போட்டி. எந்தப் பயிற்சியை எந்த வாரத்தில் ஆரம்பிப்பது என்கிற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. வலி குறைந்துவிட்டதா என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எனக்கு வலி சீக்கிரமே குறைந்துவிட்டது, எலும்புக்கு அது தெரியாது.

கூடுதலாக ஒன்றும் சொன்னார். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இரண்டு சர்ஜன்கள் இந்த ஆபரேஷனைத் தனித்தனியாகச் செய்ய ஆரம்பித்த காலத்தில் ஸ்க்ரூவும் கிடையாது, ராடும் கிடையாது. பெரும்பாலும் முதுகெலும்புக் காசநோய்க்காரர்களுக்குச் செய்தார்கள். முடிந்ததும் நீண்ட காலம் படுக்கைதான். நம்மை மறுநாளே நடக்க விடுவது இந்த இரும்பின் புண்ணியம்.

அவர்கள் கொடுத்த முதல் தாள் இந்தச் சேவையிலேயே மிகச் சிறந்த பகுதி என்று நினைக்கிறேன். ஒரே ஒரு பக்கம், பெரிய எழுத்து. முக்கியமான வேலை நடைதான். எத்தனை அடி என்று கணக்கு வைக்கச் சொல்லவில்லை, நிமிடக் கணக்கு மட்டும். சமதரையில், ஒரே மூச்சாக நீண்ட நேரம் நடக்காமல், நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக. படுத்த நிலையில் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, இது கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க. பிட்டத் தசையை இறுக்கி விடுவது. மூச்சை அடக்காமல் அடிவயிற்றை மெதுவாக இறுக்குவது. அவ்வளவுதான் பயிற்சி. மீதி எல்லாம் செய்யக்கூடாதவை: குனிவது, முறுக்கித் திரும்புவது, கனம் தூக்குவது. எடைக்கு 2 கிலோ என்று போட்டு, "உங்கள் சர்ஜன் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றவும்" என்று எழுதியிருந்தார்கள். உட்காருவது ஒரு நேரத்தில் 20, 30 நிமிடம் வரை, பிறகு எழுந்துவிட வேண்டும். தையல்காரிக்கு இதுதான் பெரிய தண்டனை.

தாளின் பின்பக்கத்தில் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் சிவப்பு எழுத்தில் இருந்தன. காய்ச்சல், காயத்திலிருந்து கசிவு, காலில் புதிதாகப் பலவீனம், தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல். இவற்றை மருத்துவமனைத் தாளில் நான் பார்த்திருக்க வேண்டும், பார்த்தது இங்கேதான். மகள் அதைப் படமெடுத்து வீட்டில் எல்லாருக்கும் அனுப்பிவைத்தாள்.

6-ஆவது வாரத்தை ஒட்டி சர்ஜன் எக்ஸ்ரே பார்த்து, ஸ்க்ரூவும் கேஜும் இடம் மாறாமல் இருக்கின்றன என்று எழுதிக்கொடுத்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் முழுக்கப் பரிசோதனைதான். கால் தசைகளின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். 30 விநாடியில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எத்தனை தடவை எழ முடிகிறது என்று பார்த்தார்கள். புகைப்பழக்கம், சர்க்கரை, எலும்புத் தேய்மானம் எல்லாம் கேட்டார்கள். என்ன வலி மாத்திரை போடுகிறேன் என்று தனியாகக் கேட்டார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், ஃபியூஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் அவற்றைத் தவிர்க்கச் சொல்லும் சர்ஜன்கள் பலர் உண்டாம். நிகோடின் அதைவிட மோசம். மாத்திரையை மாற்றுவது எங்கள் வேலை இல்லை, சர்ஜனிடம் கேளுங்கள் என்று குறித்துக் கொடுத்தார் தம்பி. தன் எல்லை எது என்று தெரிந்தவர் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் ஆஸ்வெஸ்ட்ரி படிவம். இடுப்பு வலியால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று அளக்க 1980-இலிருந்து புழங்கும் கேள்வித்தாள். நடப்பது, உட்காருவது, தூங்குவது, கனம் தூக்குவது என்று 10 தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டிச் சதவீதமாக்கினால் முன்னேற்றம் தெரியும். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் தாம்பத்தியம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. வரவேற்பறையில், பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அதை நிரப்பச் சொல்லி, நான் விட்டுவிட்ட கேள்வியை வரவேற்பில் இருந்த பெண் உரக்கப் படித்தும் காட்டினாள். இதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். அடுத்த தடவையிலிருந்து உள்ளே அறையில் கொடுத்துவிட்டார்கள், நான் சொன்னதால்.

6 வாரமா, 12 வாரமா? சேர்ந்த பிறகும் எனக்கு இந்தச் சந்தேகம் போகவில்லை. தம்பி ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். டென்மார்க்கில் இடுப்பு ஃபியூஷன் செய்துகொண்ட 82 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 6-ஆவது வாரத்திலும் இன்னொன்றுக்கு 12-ஆவது வாரத்திலும் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கினார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், 12-ஆவது வாரத்தில் தொடங்கியவர்களே மேலாக இருந்தார்கள். முந்தித் தொடங்கினால் முந்திக் குணமாகும் என்பது அங்கே பலிக்கவில்லை. ஆனால் உடனே அவரே கடிவாளம் போட்டார்: இது சின்ன ஆய்வு, இடுப்பில் தேய்மானத்துக்காகச் செய்த ஃபியூஷன்களில் நடந்தது, கழுத்துக்கோ வளைந்த முதுகை நிமிர்த்தும் ஆபரேஷனுக்கோ இதை அப்படியே எடுத்துவைக்க முடியாது. தாமதம் முறையான பயிற்சிக்குத்தான், நடைக்கு இல்லை. நடை முதல் நாளிலிருந்தே உண்டு. "12 வாரம் சும்மா படுத்திருங்கள்" என்று இதைப் புரிந்துகொண்டவர்களையும் பார்த்திருக்கிறாராம். அவர்கள் வரும்போது தொடைத் தசை பாதி காணாமல் போயிருக்குமாம்.

ஆகவே 6-ஆவது வாரம் முதல் 12-ஆவது வாரம் வரை அவர்கள் என்னோடு செய்தது மிகக் கொஞ்சம். இடுப்பை நடுநிலையில் அசையாமல் வைத்துக்கொண்டு கையையோ காலையோ மட்டும் அசைப்பது. படுத்தபடி குதிகாலைத் தரையில் இழுத்து முழங்காலை மடக்குவது. சுவரில் சாய்ந்து கொஞ்சமாக இறங்கி ஏறுவது. அப்புறம், இடுப்பை வளைக்காமல் தொடை மூட்டிலிருந்து மட்டும் முன்னால் சாய்வது. இதற்கு ஒரு நீளக் கம்பை முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள்: பின்தலை, தோள்களுக்கு நடுவில், பிட்டத்துக்கு மேலே, மூன்று இடமும் கம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். 50 வருடமாக இடுப்பிலிருந்தே குனிந்து பழகியவளுக்கு அது பெரும்பாடு.

பயிற்சி கூடிவிட்டதா என்பதற்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். தசை வலி மறுநாளுக்குள் அடங்கினால் சரி. வலி காலுக்குள் இறங்கினாலோ, முன்னைவிடக் கீழே போனாலோ, மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தாலோ, முந்தின கட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு சமயம் எனக்கு வலது கெண்டைக்காலில் சுருக் சுருக்கென்று வந்தது. உடனே இரண்டு பயிற்சியை நிறுத்திவிட்டு, சர்ஜனிடமும் பேசினார்கள். நெருக்கம் விலகிய நரம்பு மீளும்போது இப்படி வந்து போவதுண்டு என்றார் சர்ஜன், சில நாளில் அடங்கியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவர்களும் சர்ஜனும் பேசிக்கொள்கிறார்கள். பல இடங்களில் தகவலைச் சுமந்துகொண்டு நோயாளிதான் நடுவில் அலைய வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு பெரிய குறை. வரவேற்பில் இருந்தவர்கள், இடுப்பு வலி என்று வந்தாலே ஒரே தொகுப்பாகப் பயிற்சி, மின்சார ஒத்தடம், சூட்டுச் சிகிச்சை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சூட்டுக்கு அவர்கள் வைத்திருந்தது ஷார்ட்வேவ் டயாதெர்மி. உடம்புக்குள் உலோகம் இருப்பவருக்கு அதைப் போடக்கூடாது. உலோகம் சூடேறிச் சுற்றியிருக்கும் திசுவைச் சுட்டுவிடலாம். என் சீட்டிலும் அது ஏறியிருந்தது. தம்பி பார்த்து அடித்துவிட்டு, உள்ளே போய்ச் சத்தமும் போட்டார். அவர் அன்று விடுமுறையில் இருந்திருந்தால்? ஃபியூஷன் செய்துகொண்டவர் யாராக இருந்தாலும், எந்த மெஷினை உடம்பில் வைக்க வந்தாலும், "எனக்குள் ஸ்க்ரூ இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

12-ஆவது வாரத்துக்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. முதுகெலும்பை ஒட்டிப் பிடித்திருக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசையை ஆபரேஷனில் எலும்பிலிருந்து விலக்கித்தான் ஸ்க்ரூ போடுகிறார்கள். அது மெலிந்துபோகும், தானாக முழுக்கத் திரும்பாது. அதனால் பயிற்சியைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்கிப் பாலம் மாதிரி நிறுத்துவது, முட்டி போட்ட நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, முழங்காலை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தாங்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது, படிக்கட்டு. எடையைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று கூட்டினார்கள். ஒட்டிய இடத்துக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்குகள் இனி கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும், அவை பின்னால் தேய்ந்துபோக வாய்ப்பு உண்டு. அதனால் தொடை மூட்டும் தொடைத் தசையும் பலமாக இருப்பது வாழ்நாள் தேவை என்று சொல்லிச் சொல்லியே செய்ய வைத்தார்கள்.

இந்தக் கட்டத்தில் எனக்கு உடம்பைவிட பயம்தான் பெரிய தடை. பாபின் கீழே விழுந்தால் எடுக்க மாட்டேன், மகளைக் கூப்பிடுவேன். அனுமதி கிடைத்த பிறகும் கூப்பிட்டேன். அங்கே வாரம் ஒருநாள் பயிற்சி முடிந்ததும் ஃபியூஷன்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் பாடம் நடத்துவதில்லை. செருப்பை எப்படி மாட்டுகிறீர்கள், காரில் எப்படி ஏறுகிறீர்கள், தும்மல் வந்தால் என்ன செய்கிறீர்கள், இதுதான் பேச்சு. லாரி ஓட்டிய ஒருவர், தும்மல் வரும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றி அடிவயிற்றை இறுக்கிக்கொள்ளச் சொன்னார். எந்தத் தாளிலும் இல்லாத விஷயம்! 2003-இல் வெளிவந்த இன்னொரு டேனிஷ் ஆய்வில், ஃபியூஷன் நோயாளிகளைக் கூடிப் பேச வைத்த பிரிவு, பயிற்சி மட்டும் செய்த பிரிவைவிட இரண்டு வருடம் கழித்து அன்றாட வேலைகளில் மேலாக இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினார்களாம். இந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. கட்டணம் வைத்தாலும் போவேன்.

நான் பாபினை எடுத்ததும் அங்கே கிடைத்த தைரியத்தில்தான். ஒரு காலைப் பின்னால் வைத்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, முதுகு நேராக. எழுந்திருக்க மேஜையைப் பிடித்தேன். அது போதும்.

வேலைக்குத் திரும்புவதற்கும் உதவினார்கள். என் கட்டிங் டேபிளின் உயரத்தை அளந்துகொண்டு வரச் சொல்லி, அங்கே அதே உயரத்தில் ஒரு பலகையை வைத்து, கத்தரிக்கோலோடு நிற்க வைத்துப் பார்த்தார்கள். நான் குனிந்து வெட்டும் உயரத்தில் இருந்தது. கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி உயர்த்திவிட்டேன். மெஷின் தலையை மட்டும் இனி நான் தூக்கப் போவதில்லை. பழைய இரும்பு மெஷின் தலை 10 கிலோவுக்கு மேல் இருக்கும், அதை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்குவது ஆகாத வேலை.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளக் கைப்பிடி இடுக்கி: வாங்குங்கள், ஆபரேஷனுக்கு முன்னாலேயே. கழிப்பறை இருக்கையை உயர்த்தும் வளையம்: முதல் சில வாரங்களுக்கு அது இல்லாமல் முடியாது. வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொடுக்கும், முக்கவும் கூடாது என்றால் வேறு என்ன வழி. குளியலுக்கு வழுக்காத நாற்காலியும் அப்படியே. இடுப்பு பெல்ட் சர்ஜனுக்கு சர்ஜன் மாறுகிறது. ஸ்க்ரூ போட்ட பிறகு பெல்ட்டால் கூடுதல் பலன் உண்டு என்று ஆய்வுகளில் தெளிவாக நிரூபணமாகவில்லை என்றார் தம்பி. என் சர்ஜன் நடக்கும்போது மட்டும் போடச் சொல்லியிருந்தார், பிறகு அவர் சொன்னபடி நிலையத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வைத்தார்கள்.

மற்ற குறைகள். வரவேற்பறை சோபா. முதுகுக்காரர்கள் வரும் இடத்தில், உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும் பஞ்சு சோபாவைப் போட்ட ஆள் யார் என்று தெரியவில்லை. நான் நின்றுகொண்டே இருப்பேன். அடுத்தது அவர்களுடைய செயலி. வீட்டுப் பயிற்சி வீடியோக்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எல்லா இடுப்பு நோயாளிகளுக்கும் ஒரே வரிசை. எனக்குக் கொடுத்த நாலு வீடியோ முடிந்ததும் ஐந்தாவதாக, குனிந்து கால் விரலைத் தொடும் வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கிறது. இதைச் சொல்லி நாளாகிறது, இன்னும் சரியாகவில்லை. தம்பி இல்லாத நாளில் வருபவர் என் குறிப்பைப் படிக்காமல் முதலிலிருந்து கதை கேட்கிறார்.

யாருக்கு இந்த இடம் ஒத்துவரும்? சீக்கிரம் சரியாக வேண்டும், கை வைத்து அமுக்கி விட வேண்டும், மெஷின் ஒத்தடம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. முதல் இரண்டு மாதம் பணம் கொடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். என்னோடு சேர்ந்த ஒருவர் அந்தக் கோபத்தில் பாதியில் நின்றுவிட்டார். ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கும் இடம், சர்ஜனுக்கு நேரடியாகப் பேசும் இடம், "இன்னும் நேரம் வரல" என்று தைரியமாகச் சொல்லும் இடம் தேடுபவர்கள் தாராளமாகப் போகலாம். வேறு எங்காவது சேர்வதாக இருந்தால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: ஃபியூஷன் செய்து 3 வாரம் ஆகிறது, என்ன செய்வீர்கள்? பதிலில் நடையும் சர்ஜனும் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த ஒன்று படிவத்துக்கும் டயாதெர்மி சீட்டுக்கும் சேர்த்து. சோபாவைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். நேரம் பதிவு செய்யும்போது காலை முதல் நேரம் எப்போதும் காலியாக இருக்கும், அதை எடுக்காதீர்கள், எழுந்த உடனே உடம்பு விறைப்பாக இருக்கும். மாலையில் கூட்டம். வீட்டில் கொஞ்சம் நடந்துவிட்டுப் போக வசதியாக முற்பகலைக் கேளுங்கள்.